கூப்பிட்ட குரல்

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் முதல் குரல்தூணை நட்ட அன்று அங்கே இருபத்தேழு சிவிங்கிப்புலிகள் இருந்தன. தமயந்திக்கு அந்த எண் மறக்காது. இருபத்தெட்டாவதை அன்று காலையில்தான் தார்ச்சாலையிலிருந்து சாக்கில் அள்ளினார்கள். ஒன்றரை வயது ஆண். உலகத்தில் தன்னைவிட வேகமான ஒன்று வரும் என்று அதற்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் பேரன் பேத்திகள் அவை. புதர்க்காடும் புல்வெளியும் அவற்றுக்குப் பிடித்துப்போயின. ஆனால் பள்ளத்தாக்கைச் சுற்றி மூன்று சாலைகள். ஊர்களில் நாய்கள், நாய்களிடமிருந்து நோய். வேலி போட்டால் யானைக்கு வழி அடைபடும். வேலி இல்லாமல் வேலி வேண்டும் என்று திட்ட இயக்குநர் அருளப்பன் தேடிக்கொண்டிருந்தபோதுதான் தமயந்தியின் பெயர் அவர் காதுக்குப் போனது.

அவள் அதுவரை காட்டுப்பக்கமே வந்தவளில்லை. திருச்சியில், தொண்டைப் புற்றுநோயில் குரலை இழந்தவர்களுக்குக் குரல் செய்துகொடுத்துக்கொண்டிருந்தாள். பழைய தொலைபேசிப் பதிவு அரைமணி நேரம் கிடைத்தால் போதும், அவள் எழுதிய நிரல் அந்த மனிதரின் குரலில் எதையும் பேசும். மனைவியின் காதில் அந்தக் குரல் விழும் முதல் கணத்தைப் பார்க்கவென்றே அவள் அந்த வேலையில் இருந்தாள்.

சிவிங்கிகளின் குரலை அவளுக்குக் காட்டிக்கொடுத்தவன் சடையன். ஆற்றோரம் புங்கமொக்கை என்ற ஊர் அவனுக்கு. ஊராளி இனத்தான், நாற்பது வயது, திட்டத்தின் காவலாளி. முதல்நாள் புதருக்குள் ஒரு கீச்சுச் சத்தம் கேட்டதும் அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"மேல பாக்காதீங்க அம்மிணி, கீழ பாருங். பேருதான் புலி. கத்துறது குருவியாட்டங் கத்தும்."

"உறுமாதா?"

"உறும வராதுங். சிறுத்த வந்து இரையப் புடுங்குனா உட்டுட்டுப் போயிரும். சண்டைக்கு நிக்காது. இதுக்கு இருக்கிறது ரெண்டுதான். ஒண்ணு ஓட்டம், இன்னொண்ணு கூப்பாடு. தாய் குட்டியக் கூப்புடும், அண்ணன் தம்பியக் கூப்புடும். பொட்டைக தனியாத்தான் திரியும். ஆனா ஆம்பளைக, ஒரு வயித்துல பொறந்தவனுக, சாகுற வரைக்கும் ஒண்ணாத்தான் இருப்பானுக. ஒருத்தன் காணலீனா மத்தவன் சாப்புடாமக் கத்திக்கிட்டே அலைவான்."

அந்தப் பேச்சிலிருந்துதான் குரல்தூண் பிறந்தது. கழுத்துப்பட்டையில் சிறு ஒலிவாங்கி வைத்து ஒவ்வொரு விலங்கின் குரலையும் தனித்தனியாகப் பதிந்தார்கள். பள்ளத்தாக்கில் நாற்பத்தோரு தூண்கள் நட்டார்கள். சிவிங்கி சாலையை நெருங்கினால் எதிர்ப்பக்கத் தூண் அதன் தம்பியின் குரலில் கூப்பிடும். அது திரும்பிவிடும். கூப்பிடும் தம்பி உயிரோடு இருக்கவேண்டும் என்ற அவசியமில்லை என்பதை இரண்டாம் மாதத்திலேயே கண்டுகொண்டார்கள்.

முதல் ஆண்டு சாலையில் ஒன்றுகூடச் சாகவில்லை. அருளப்பன் எல்லோருக்கும் பாதுஷா வாங்கிவந்தார். சடையன் தன் பங்கைத் துண்டில் முடிந்து மனைவி கெம்பம்மாவுக்குக் கொண்டுபோனான்.

இரண்டாம் ஆண்டில் அருளப்பனுக்கு இன்னொரு யோசனை வந்தது.

"யானை வருதுன்னு சைரன் போட்டா ஊர்ல ஒருத்தனும் எழுந்திரிக்கிறதில்ல. சடையன் ஒரு சத்தம் போட்டா மொத்த ஊரும் ஆட்ட ஓட்டிக்கிட்டு உள்ள போயிடுது. அந்தாள் எல்லா இடத்துலயும் நிக்க முடியுமா? அவன் குரல் நிக்கட்டும்."

சடையன் பெருமையோடுதான் சம்மதித்தான். தகரக் கூரை போட்ட பதிவறையில் இரண்டு நாள் உட்கார்ந்து, தமயந்தி நீட்டிய வாக்கியங்களை எல்லாம் சொன்னான். படிக்க வராது என்பதால் அவள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னான். நடுவில் சிரிப்பு வந்துவிடும். "யானையே இல்லாம யானை வருதுன்னு கத்தறக்கு வெக்கமா இருக்குதுங்."

ஊருக்குள்ளும் ஐந்து தூண்கள் நட்டார்கள். தூண்கள் அவன் குரலில் பேசத் தொடங்கின. அந்த ஆண்டு யானையிடம் யாரும் மாட்டவில்லை. இது நடந்தது உண்மை. தமயந்தி பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டது இது.

அப்புறம் குட்டி போடும் பருவம் வந்தது. புல்வெளியில் ஆடுகள் நின்றால் தாய்ச் சிவிங்கி மான்வேட்டைக்கு வராது. குட்டிகள் பட்டினி கிடக்கும். அருளப்பன் தொலைபேசியில் கேட்டார். "ஒரே ஒரு அறிவிப்பு. ஆட்டுக்காரங்க மதியம் வரைக்கும் அந்தப் பக்கம் வராம இருந்தாப் போதும்." தமயந்தி விசையைத் தட்டினாள். மறுநாளும் தட்டினாள். மூன்றாவது வாரத்தில் அவரிடம் கேட்காமலேயே தட்டினாள்.

டீக்கடை வாசலில் சடையன் டம்ளரும் கையுமாக நின்றிருந்தபோதுதான் அது நடந்தது. எதிரே இருந்த தூண் அவன் குரலில், "யானை எறங்குது, ஆட்ட ஓட்டிக்கிட்டு ஊட்டுக்குப் போங்க" என்று கத்தியது. கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் டம்ளரைக் கீழே வைத்தான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் காலை அவன் அலுவலகத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றான்.

"நேத்து யானை எங்கீங்க அம்மிணி?"

"இல்லண்ணே. குட்டிங்களுக்காக..."

"அதில்லீங். நாஞ் சொல்லாதத நாஞ் சொன்னேன்னு ஊரு நெனைக்குது. எம் மச்சான் மூஞ்சிக்கு நேராக் கேட்டுப்போட்டான், ஆபீசுக்காரன் சொன்னா எதுவுஞ் சொல்லுவியாடான்னு."

"இந்த ஒரு பருவம் முடியட்டும். நிறுத்திடறேன். சத்தியமா."

அவன் தலையாட்டினான். அவளிடம் அவனுக்கு மரியாதை இருந்தது. திட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவள் அன்றே நிறுத்தியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அது உண்மையா என்பது அவளுக்குத் தெரியாது.

வெள்ளைக்காது என்று அவர்கள் அழைத்த தாய்க்கு அப்போது ஐந்து மாதக் குட்டிகள் மூன்று. கிழக்குச் சாலை ஓரத்தில் முயல் அதிகம் என்பதால் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அது சாலையை நெருங்கும்போதெல்லாம், தொலைந்துபோன குட்டியின் அழுகையை வடக்குத் தூணில் ஒலிக்கவிட்டாள் தமயந்தி. தாய் பதறி ஓடிவரும். வந்து தூணைச் சுற்றிச் சுற்றித் தேடும். பின்னாலேயே மூன்று குட்டிகளும் வந்து சேரும். எண்ணிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் நக்கும். மறுபடி தூணைப் பார்க்கும். இப்படி ஆறு முறை.

ஏழாம் முறை கூப்பிட்டது தூண் இல்லை. விலங்குகளுக்குக் கட்டிய பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று வற்றிக் கிடந்தது. ஒரு குட்டி அதற்குள் விழுந்துவிட்டது. காலை ஏழு மணியிலிருந்து கத்தியது. எதிர்மேட்டில் படுத்து, சடையனும் தமயந்தியும் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்நூறு அடி தள்ளி, வேலமரத்து நிழலில் வெள்ளைக்காது இருந்தது. குட்டி கத்தும்போதெல்லாம் அதன் காது அந்தப் பக்கம் திரும்பியது. உடம்பு திரும்பவில்லை.

"ஏன் போக மாட்டேங்குது? காயமா?" என்றாள் தமயந்தி.

"காயமெல்லாம் இல்லீங். எந்திரிச்சுப் போனா அங்க குட்டி இருக்காதுன்னு அதுக்குத் தெரியும். ஆறு வாட்டி போய்ப் பாத்துட்டு வந்துருச்சு."

பதினொரு மணிக்கு வெள்ளைக்காது எழுந்தது. சோம்பல் முறித்தது. மற்ற இரண்டையும் கூட்டிக்கொண்டு தெற்கே நடந்தது.

விலங்கைத் தொடக்கூடாது என்பது திட்டத்தின் சட்டம். சடையன் தொட்டிக்குள் இறங்கிக் குட்டியைத் தூக்கினான். முன்னங்கையெல்லாம் கீறிவிட்டது. தாய் போன திசையில் ஒரு மைல் ஓடி, அதன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் விட்டுவிட்டு விலகி நின்றான். குட்டி கூப்பிட்டது. தாய் நடையை விரைவாக்கியது. கூப்பிடக் கூப்பிட அது விலகிப் போயிற்று. இரண்டு நாள் பள்ளத்தாக்கில் அந்தச் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் கேட்கவில்லை.

தமயந்தி அருளப்பனைப் பார்க்கக் கோவைக்குப் போனாள். அவர் எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை என்பதுதான் அவளுக்குப் பிடிபடாத விஷயம்.

"தூணை நிறுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"சாலைக்குப் போகும்."

"எத்தனை சாகும்?"

"பாதி. ஒரே வருஷத்துல."

"நிறுத்தலைன்னா?"

"எல்லாம். கொஞ்சம் மெதுவா. இப்பவே ஆண்கள் எல்லை போட்டுக்கறதில்ல சார், தூண் தூணா அலையுது. பெண்களுக்கு அதுங்களத் தேடிக் கண்டுபிடிக்க முடியல. ரெண்டு பருவமா புதுசா சேர்ந்தது நாலே ஜோடி. எந்தக் குரலையும் நம்பறதில்லங்கறதுதான் அந்தக் குட்டிகள் தாய்கிட்ட கத்துக்கறது."

அருளப்பன் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "மெதுவாங்கறதத்தான் நாம எடுத்துக்கணும், தமயந்தி. மெதுவா போற நேரத்துல வேற ஏதாவது வழி கிடைக்கும்."

"சடையன் குரலையாவது எடுத்துடலாம் சார்."

"குட்டிப் பருவம் முடியட்டும்."

அவள் சடையனிடம் சொன்ன அதே வார்த்தை. திரும்பி வரும் பேருந்தில் அது அவள் மடியில் உட்கார்ந்துகொண்டே வந்தது.

ஐப்பசியில், ஒன்றாகத் திரிந்த மூன்று அண்ணன் தம்பிச் சிவிங்கிகளில் இரண்டு, நாய்நோய் கண்டு ஒரே வாரத்தில் போய்ச்சேர்ந்தன. மிஞ்சிய ஒன்று தூண்களுக்கிடையில் ஓயாமல் ஓடியது. தூண்கள் தம்பிகளின் குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. அது போவதும், தேடுவதும், அடுத்த தூணுக்கு ஓடுவதுமாக இருந்து உள்ளங்கால் வெடித்தது. ஒருநாள் அதன் கழுத்துப்பட்டை அனுப்பும் சமிக்ஞை ஆற்றுக்கு அக்கரையில் அசையாமல் நின்றுவிட்டது.

"உசுரு இருக்குதோ என்னமோ, போய்ப் பாத்துட்டு வந்துர்றனுங்" என்று சடையன் தொலைபேசியில் சொன்னான். தமயந்தி அன்று கோவையில், ஆண்டறிக்கையோடு இருந்தாள். பரிசல்காரன் சந்தைக்குப் போயிருந்ததால் சடையன் நடந்தே ஆற்றில் இறங்கினான். முழங்கால் அளவுத் தண்ணீர், பளீரென்ற வெயில். அந்த நேரத்தில் மேலே நீலகிரியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தது. அவன் நடு ஆற்றுப் பாறையில் ஏறிக்கொண்டான். புங்கமொக்கை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். கயிறோடு நாலு பேர் வந்தால் போதும்.

மூன்றாம் நாள் ஆறு மைல் கீழே, நாணல் புதரில் அவன் உடலை எடுத்தார்கள். அக்கரைச் சிவிங்கியையும் போய்ப் பார்த்தார்கள். அது அவன் ஆற்றில் இறங்குவதற்கு முன்பே செத்திருந்தது.

அவன் கத்தியது கேட்டதா என்று ஊரில் யாரையும் யாரும் கேட்கவில்லை. ஆண்கள் தரையைப் பார்த்து நின்றார்கள். கேட்டிருக்கும். தினமும்தான் கேட்கிறார்களே. அவர்கள் எழுந்து வராததற்குத் தானே காரணம் என்று தமயந்தி நினைத்தாள். அன்றிரவே சடையனின் குரலை எல்லாத் தூண்களிலிருந்தும் அழித்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதன்பிறகு, செய்யாமல் இருந்திருக்கலாம் என்று பலமுறை எண்ணிய ஒரு காரியத்தைச் செய்தாள். வெள்ளம் வந்த நாளின் பதிவைத் திறந்து பார்த்தாள்.

ஆற்றங்கரைத் தூணின் ஒலிவாங்கி எல்லாவற்றையும் கேட்டிருந்தது. 2.06 மணி: எச்சரிக்கைக் குரல், சடையன். அலுவலக உத்தரவு எதுவும் இல்லை. இயந்திரம் யோசித்த விதம் நேரானது. சடையன் குரலில் பேசுவது தான்தான். தான் பேசவில்லை, ஆனால் குரல் கேட்கிறது. அப்படியானால் எங்கோ ஒரு தூணில் கோளாறு. கோளாறு என்றால் மக்கள் பதறக்கூடாது. பதறாமல் இருக்க ஒரு வாக்கியத்தை, சடையனின் குரலைப் பதிந்தபோதே தமயந்தி எழுதி வைத்திருந்தாள். நல்ல எண்ணத்தோடுதான் எழுதினாள். 2.07 மணிக்கு ஊரின் ஐந்து தூண்களும் சடையனின் குரலில் சேர்ந்து சொல்லியிருந்தன.

"ஒண்ணுமில்லே, பயமில்லே. எல்லாரும் ஊட்டுக்குப் போங்க."

பத்தொன்பது நிமிடங்கள். அவன் பதினொரு முறை கத்தியிருந்தான். தூண்கள் பதினொரு முறை பதில் சொல்லியிருந்தன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, தமயந்தி புங்கமொக்கைக்குப் போனாள். கெம்பம்மா வாசலில் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து, கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள்.

"நா ஆரையும் குத்தஞ் சொல்லலீங்" என்று அவளே ஆரம்பித்தாள். "ஊர்ல நாலு பேரு கயிறெடுத்துக்கிட்டு ஓடுனாங்களாம். பாதி வழியில அவரே வேண்டாம்னு சொல்லீட்டாராம். தண்ணி ஏறறதப் பாத்துருப்பாரு. வந்தா அவிங்களும் போயிருவாங்கன்னு, ஊட்டுக்குப் போங்கன்னு சொல்லீட்டாரு. அவரு குணம் அப்படிங். சாகறப்பவும் அடுத்தவன் உசுரத்தான் பாத்தாரு. இதச் சொல்லித்தான் நா எந்திரிச்சு ஒலை வெக்கிறனுங்."

தமயந்தியின் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. இப்படியே எழுந்து போய்விடலாம். இவளுக்கு இது போதும், ஊருக்கும் இது போதும். கயிறோடு ஓடிய நாலு பேருக்கும் போதும். அவர்கள் ஓடினார்கள் என்பதே தமயந்திக்கு இப்போதுதான் தெரியும். அத்தனை பொய்க்குப் பிறகும் அவர்கள் ஓடியிருக்கிறார்கள். அப்படி ஓடியவர்களைத் திருப்பி அனுப்பியது தன் வாக்கியம். இந்த ஆறுதலும் அதே தூணின் பெட்டியிலிருந்து வந்ததுதான். இன்னும் எத்தனை நாள் அவன் வாயால் தான் பேசிக்கொண்டிருப்பது?

"அது அவர் சொன்னதில்ல கெம்பம்மா" என்றாள். "தூண் சொன்னது. நான் எழுதி வெச்சது."

கெம்பம்மாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. தமயந்தி இரண்டு தடவை விளக்கினாள். இரண்டாம் தடவை சொல்லும்போது அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோபோல் கேட்டது. கெம்பம்மா முறத்தைக் கீழே வைத்தாள். முறத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்து வாசலில் போட்டாள்.

"அப்ப அவரு நெசமா என்ன சொன்னாருங்?"

"வேண்டாம், கெம்பம்மா."

"சொல்லுங்."

"முதல்ல ரெண்டு தடவை ஊரைக் கூப்பிட்டார். தண்ணி ஏறுது, கயிறு கொண்டாங்கன்னு. அப்புறம் ஒன்பது தடவை..." தமயந்தி நிறுத்தினாள். "உன் பேரைத்தான்."

பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று வந்து சிதறிய ராகியைக் கொத்தியது. கெம்பம்மா அதை விரட்டவில்லை.

"கேட்டுதுங்" என்றாள். "அவரு எம் பேரச் சொன்ன மொதோ தடவையே கேட்டுது. பொட்டி இல்ல, அவருதான்னு தெரிஞ்சுது. பொட்டிக்கு எம் பேரு தெரியாதில்லீங்? அடுப்ப அப்படியே போட்டுட்டு இந்த வாசல் வரைக்கும் ஓடியாந்துட்டனுங். அப்பறந்தான் அவரே, பயமில்லே, ஊட்டுக்குப் போங்கன்னாரு." அவள் நிலைப்படியைத் திரும்பிப் பார்த்தாள். "சரின்னு உள்ள போயிச் சோத்த வடிச்சேன்."